கிழட்டுக் கிணறுகளில் கிடைத்த செல்வம்

வேர்க்கடலையைச் செக்கிலிட்டு ஆட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் வடிந்தபின் எஞ்சுவது பிண்ணாக்கு. மாட்டுத் தீவனம் என்று அதைச் சாக்கில் கட்டி விற்றுவிடுகிறோம். ஆனால் பிண்ணாக்கில் எண்ணெய் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையில் அதிலேயே தங்கியிருக்கும். இதை அறிந்தவர்கள் பிண்ணாக்கை வாங்கி, ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவிட்டு, மிச்ச எண்ணெயையும் பிரித்தெடுத்து விற்கிறார்கள். செக்குக்காரருக்கு வேலை முடிந்த பண்டம், ஆலைக்காரருக்கு வேலை தொடங்கும் பண்டம்!

கடலுக்கடியில் கிடக்கும் பெட்ரோலிய வயல்களிலும் ஏறக்குறைய இதே போன்ற வாணிபம் ஒன்று நடந்து வருகிறது. பெரிய கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் எடுத்து, "இனி இதில் ஆதாயமில்லை" என்று கைகழுவும் வயல்களைச் சிலர் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. ஒருவர் மட்டும் அதையே தம் முழுநேரத் தொழிலாக்கிப் பிரான்சு நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். அவர் பெயர் யூபேர் பெரோடோ. புதிய எண்ணெய் வயல்களைத் தேடிக் கண்டுபிடித்து அவர் பெயர் வாங்கவில்லை. பிறர் கண்டுபிடித்து, பிறர் இரும்பு நட்டு, பிறர் சலித்துப்போன இடங்களில்தான் அவருடைய செல்வம் விளைந்தது. அது எப்படி முடிந்தது என்பதை அறிய வேண்டுமானால், முதலில் பாறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பாறை விடாத எண்ணெய்

எண்ணெய் வயல் என்றதும் பூமிக்கடியில் ஒரு பெரிய தொட்டி, அதில் தளும்பும் எண்ணெய் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். உண்மை வேறு. எண்ணெய் இருப்பது பாறையின் நுண்துளைகளில். மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ, அதன் துகள்களுக்கு இடையேயுள்ள மிகச் சிறிய இடைவெளிகளில், நீரோடும் வாயுவோடும் கலந்து எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செங்கல் ஒன்றைத் தண்ணீரில் ஊற வைத்து எடுத்துப் பாருங்கள். செங்கல் குடித்த தண்ணீரை அதிலிருந்து பிழிந்தெடுக்க முடிகிறதா? பாறையிலிருந்து எண்ணெயை எடுப்பதும் அத்தகைய வேலைதான்.

கிணறு தோண்டிய புதிதில் இது சிரமமாகத் தெரியாது. ஆழத்தில் அழுத்தம் மிகுதி. எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் குறைந்தவுடன் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழியிட்டுப் பொங்கி எண்ணெயையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் தளர்கிறது, வாயு தீர்கிறது, பக்கத்திலிருந்த நீர் உள்ளே புகுகிறது. புதிதாகத் திறந்தபோது எண்ணெயாகவே வந்த கிணற்றில், முதுமையில் நூறு பீப்பாய் திரவம் இறைத்தால் தொண்ணூறு பீப்பாய் உப்புநீராக இருப்பதும் உண்டு. (ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர்.) அந்த நீரையும் இறைத்தாக வேண்டும், பிரித்தாக வேண்டும், சுத்தம் செய்து எங்கேனும் விட்டாக வேண்டும். உப்புப் படிவு குழாய்களை அடைக்கும். கடற்காற்று மேடையின் இரும்பை அரிக்கும்.

உலக வயல்களைச் சராசரியாகப் பார்த்தால், பாறையில் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது என்பர். மற்ற இரு பங்கும் அங்கேயே தங்கிவிடுகிறது. பிண்ணாக்கில் தங்குவது பத்தில் ஒன்று. பாறையில் தங்குவது மூன்றில் இரண்டு! ஆகவே "வயல் தீர்ந்துவிட்டது" என்று ஒரு கம்பெனி சொன்னால், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தக் கம்பெனியின் செலவுக்கு அந்த எண்ணெய் கட்டுப்படியாகவில்லை என்பதே பொருள். இந்த வேறுபாட்டைத்தான் பெரோடோ பிடித்துக்கொண்டார்.

மீனவர் மகன்

பிரான்சின் மேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதி பிரிட்டனி. அங்கே மோர்பியான் வளைகுடாவின் கரையில் லார்மோர்-பாதேன் என்னும் சிறிய ஊர். 1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடியுமுன், அவ்வூரில் மீன்பிடித் தொழில் செய்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் பெரோடோ. சொத்தும் செல்வாக்கும் உள்ள குடும்பமன்று. அவருடைய தொழில் தொடங்கியதோ பிரான்சிலும் அன்று. 1975ஆம் ஆண்டில் சிங்கப்பூரில், கடலில் எண்ணெய் தேடுவோருக்குக் கப்பல் முதலிய துணைப் பணிகளைச் செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றை அவர் நிறுவினார்.

ஆண்டைக் கவனியுங்கள். 1973ஆம் ஆண்டின் அரபு – இஸ்ரேல் போரை ஒட்டி எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியிருந்தது. எங்கெங்கோ கடலில் எண்ணெய் தேடும் வேட்டை முடுக்கிவிடப்பட்டிருந்தது. தங்கம் தோண்டப் போனவர்களைவிட அவர்களுக்கு மண்வெட்டி விற்றவர்களுக்கே ஆதாயம் நிச்சயம் என்பார்கள். பெரோடோ மண்வெட்டிக் கடையில் தொடங்கினார் எனலாம். 1980ஆம் ஆண்டில் தெக்ஃபோர் என்னும் துரப்பணக் கம்பெனியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் கோசிஃபோர் என்னும் மற்றொரு கம்பெனியையும் வாங்கினார். துரப்பண இயந்திரங்களை நாள் வாடகைக்கு விட்டு, எண்ணெய்க் கம்பெனிகளுக்காகக் கிணறு தோண்டித் தருவது இவற்றின் வேலை.

இந்த வேலையில் ஒரு மறைமுகமான பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம். கிணறு தோண்டுகிறவர் ஒரே கம்பெனிக்கு உழைப்பதில்லை. இன்று ஒருவர், நாளை வேறொருவர். எந்தக் கம்பெனி சிக்கனமாக வேலை செய்கிறது, எங்கே காசு வீணாகிறது, எந்தக் கிணறு பழுது பார்க்காமல் மூடப்படுகிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டேயிருக்கும். ஊரில் பல வீடுகளுக்கும் போய் வரும் கொத்தனாருக்கு எந்த வீட்டுச் சுவர் எதனால் வெடித்தது என்று தெரிவதைப் போல.

1986ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரெனச் சரிந்தது. 1980ஆம் ஆண்டளவில் பீப்பாய்க்கு முப்பத்தைந்து டாலரைத் தாண்டி நின்ற விலை, பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. புதிய கிணறு தோண்ட ஆளில்லை. துரப்பண இயந்திரங்கள் உலகமெங்கும் சும்மா நின்றன. ஆனால் அதே சரிவு, சொந்தமாக வயல் வைத்திருந்தவர்களையும் விற்பதற்குத் தூண்டியது. 1980களின் நடுவிலேயே வயல்களின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்த பெரோடோ, படிப்படியாகத் துரப்பணத் தொழிலை விட்டு வயல்களை வாங்கும் தொழிலுக்கு மாறினார். 1992ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய நிறுவனம் பெரென்கோ என்னும் பெயரில் உருப்பெற்றது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காபோன், கேமரூன் ஆகிய நாடுகளின் கடல் வயல்கள் அதன் கைக்கு வந்தன.

மரகதம் என்னும் வயல்

பெரோடோ வாங்கியவற்றுள் நாம் நின்று பார்க்கத் தக்க வயல் ஒன்று உண்டு. கொங்கோ குடியரசின் துறைமுக நகரமான புவாந்த் நுவாருக்கு அப்பால், சுமார் 65 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது இருக்கிறது. பெயர் எமரோது, பிரெஞ்சு மொழியில் அதற்கு மரகதம் என்று பொருள். பிரெஞ்சு அரசின் எண்ணெய்க் கம்பெனியாக அன்று இருந்த எல்ஃப் நிறுவனத்தார் 1969ஆம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தனர். 1972ஆம் ஆண்டில் எண்ணெய் வரத் தொடங்கியது. கொங்கோவின் கடல் எண்ணெய்த் தொழிலுக்கு அதுவே பிள்ளையார் சுழி.

மரகதம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது எளிதில் கைக்கு வரும் மணியாக இல்லை. பாறையில் எண்ணெய் ஏராளம். வெளியே வருவதோ சொற்பம். காரணம் யாது? இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொண்டன.

முதலாவது, எண்ணெயின் பாகுநிலை. பாறைக்குள் இருக்கும் நிலையில் அந்த எண்ணெய் தண்ணீரைப்போல் சுமார் 100 மடங்கு கெட்டியாக ஓடக்கூடியது. கடலை எண்ணெயைவிட இன்னும் சற்றுத் தடிப்பானது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவ்வளவுதானா? கடலை எண்ணெய் நன்றாகத்தானே ஊற்றுகிறது?" என்று கேட்பீர்கள். கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுவது வேறு. மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவு ஊர்ந்து கிணற்றை அடைவது வேறு. எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் முந்திக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டால் அந்த வழியே அதற்கு இராசபாட்டை. கெட்டி எண்ணெய் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும்.

இரண்டாவது, ஆழம் போதாமை. கடலடித் தரைக்குக் கீழே சில நூறு மீட்டரிலேயே எண்ணெய்ப் பாறை வந்துவிடுகிறது. ஆழம் குறைந்தால் தோண்டும் செலவு குறையும்; அது நன்மையல்லவா? நன்மைதான். ஆனால் ஆழத்தோடு வருபவை அழுத்தமும் வெப்பமும். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கொதிநீர் வெப்பத்தில் கிடக்கும் எண்ணெய் இளகி ஓடும். எமரோதின் எண்ணெய்க்கு அந்த வெப்பமும் இல்லை. தள்ளிவிடும் அழுத்தமும் இல்லை. ஆகவே பல்லாண்டுகள் எடுத்தும், அங்கே இருந்த எண்ணெயில் நூற்றுக்குச் சில பங்குகளே மேலே வந்திருந்தன. உலகச் சராசரியான மூன்றில் ஒரு பங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்ஃப் பொறியாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. உறைந்த நெய்ப் புட்டியை வெந்நீரில் வைத்தால் நெய் இளகுகிறதே, அதே தத்துவத்தை அவர்கள் கடலடிப் பாறையில் செய்து பார்க்கத் துணிந்தனர். 1980களின் நடுவில், கொதிகலன்களை மேடையிலேற்றி, நீராவியைக் கிணறுகள் வழியே பாறைக்குள் செலுத்தினர். நிலத்தில் இம்முறை கலிஃபோர்னியா முதலிய இடங்களில் முன்னமே வழக்கில் இருந்ததுதான். நடுக்கடலில் செய்து பார்த்த முன்னோடிச் சோதனைகளுள் இது ஒன்று. கடலில் அதன் தொல்லைகள் வேறு. கொதிகலனுக்கு உப்புநீர் ஆகாது. கடல்நீரை முதலில் நன்னீராக்க வேண்டும். நீராவி போகும் வழியெல்லாம் வெப்பம் வீணாகும். மேடையிலோ ஒவ்வொரு சதுர மீட்டர் இடமும் பொன்னுக்குச் சமம். நீராவியால் எண்ணெய் இளகி வரும் என்பது தெரிந்தது. ஆனால் சோதனை நடந்த அந்தச் சமயம் பார்த்து எண்ணெய் விலை சரிந்தது. வயல் முழுவதற்கும் நீராவி விடும் காலம் வரவேயில்லை. பாடப் புத்தகத்துக்கு நல்ல சோதனை. கணக்குப் புத்தகத்துக்குக் கட்டவில்லை.

இதன் பிறகு கம்பெனிகளின் உலகத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை மறுபடியும் பத்து டாலர் அளவுக்கு வீழ்ந்தது. பயந்துபோன பெருங்கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்தன. பிபி அமோக்கோவோடும், எக்ஸான் மொபிலோடும் சேர்ந்தன. எல்ஃப் 2000ஆம் ஆண்டில் டோட்டல் கம்பெனிக்குள் கலந்தது. இப்படிப் பூதாகாரமாகிவிட்ட கம்பெனிக்கு ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பீப்பாய் தரும் வயல் எதற்கு? யானைக்குச் சோளப்பொரி. 2001ஆம் ஆண்டில் எமரோது பெரென்கோவின் பொறுப்புக்கு வந்தது.

பெரென்கோ அங்கே மந்திரம் எதுவும் செய்துவிடவில்லை. அதுதான் இந்த வரலாற்றில் சுவையான செய்தி. பழைய கிணறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பழுது பார்ப்பது. தேய்ந்த பம்புகளை மாற்றுவது. அடைபட்ட இடத்தில் குழாயில் புதுத் துளையிட்டு வேறு அடுக்கிலிருந்து எண்ணெயை உள்ளே விடுவது. எரித்துவிடும் வாயுவை மின்சாரம் எடுக்கப் பயன்படுத்துவது. புதிய பெரிய இயந்திரத்துக்குப் பதில் வேறிடத்தில் வேலை முடிந்த பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்துவது. இத்தகைய சில்லறை வேலைகளே முதிர்ந்த வயல்களை வாங்கி நடத்துவோரின் ஆயுதங்கள். பெரிய கம்பெனியில் ஒரு பம்பை மாற்றத் தலைமை அலுவலகத்தில் பல மேசைகளைக் கோப்பு தாண்ட வேண்டும். சிறிய கம்பெனியில் மேடையிலிருக்கும் பொறியாளரே தீர்மானிக்கலாம். பெரென்கோ பங்குச் சந்தையில் பங்கு விற்காத குடும்பக் கம்பெனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரருக்குக் கணக்குக் காட்டி அவர்களை மகிழ்விக்க வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. மரகத வயல் மூடப்படவில்லை. அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் தந்தது.

செல்வம் எங்கிருந்து வந்தது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொள்பவை; வரி, அரசின் பங்கு முதலியவற்றையும் ஒதுக்கிவிடுவோம்.

ஒரு கடல் மேடையை நடத்த நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் செலவு என்று கொள்வோம். எண்ணெய் பத்தாயிரம் பீப்பாய் வந்தாலும் சரி, ஆயிரம் வந்தாலும் சரி, இந்தச் செலவு பெரும்பாலும் குறையாது. ஆட்கள், கப்பல், ஹெலிகாப்டர், பழுது என்று போய்க்கொண்டேயிருக்கும். பத்தாயிரம் பீப்பாய் வந்தபோது ஒரு பீப்பாய்க்குச் செலவு பத்து டாலர். வயல் கிழடு தட்டி நாலாயிரமாகக் குறைந்தால் ஒரு பீப்பாய்க்கு இருபத்தைந்து டாலர் செலவாகிறது. சந்தை விலை இருபது டாலர் என்றால் பீப்பாய்க்கு ஐந்து டாலர் நட்டம். விற்றுவிடு அல்லது மூடிவிடு என்பார் கணக்கர்.

இப்போது ஒரு சிக்கனக்காரர் அதை வாங்குகிறார். செலவைப் பாதியாக, ஐம்பதாயிரம் டாலராகக் குறைக்கிறார். பழுது பார்த்து உற்பத்தியை ஐயாயிரம் பீப்பாயாக உயர்த்துகிறார். ஒரு பீப்பாய்க்குச் செலவு மறுபடியும் பத்து டாலர்! இருபது டாலர் விலையில் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் டாலர் மிச்சம். சரி, விலை அறுபது டாலராக ஏறினால்? மிச்சம் இரண்டரை லட்சம் டாலர். விலை ஏறியது மூன்று மடங்கு. ஆதாயம் ஏறியது ஐந்து மடங்கு.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று என்பதை ஆண்டுகள் காட்டுகின்றன. எமரோது கைமாறிய 2001ஆம் ஆண்டில் எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு இருபத்தைந்து டாலரை ஒட்டியே இருந்தது. 2006ஆம் ஆண்டில் அது அறுபத்தைந்து டாலர் அளவுக்கு ஏறிவிட்டது. சீனாவின் தேவை பெருகும் என்றோ, ஈராக்கில் போர் மூளும் என்றோ பெரோடோ சோதிடம் பார்த்து வயல் வாங்கவில்லை. மலிவாக வாங்கி, சிக்கனமாக நடத்திக்கொண்டிருந்தவருடைய வாசலுக்கு அதிர்ஷ்டம் தானே வந்தது. உழைப்பு, துணிவு என்றெல்லாம் சொல்லும்போது இந்தப் பங்கையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. "தன் முயற்சியால் உயர்ந்தவர்" என்னும் சொல்லிலும் எனக்கு ஒரு சிறிய தயக்கம் உண்டு. அவர் மீனவர் மகன் என்பதும், சிறிய நிறுவனத்தில் தொடங்கினார் என்பதும் மெய். ஆனால் மேடையின் கால்களைக் கடலில் நட்டவர்கள் பிரெஞ்சு அரசின் கம்பெனியார். எண்ணெய் கொங்கோ மக்களுடையது.

செல்வத்தை அவர் ஆரவாரமாகக் காட்டிக்கொண்டவரல்லர். பத்திரிகைகளிடமிருந்து விலகியே இருந்தார். போர்தோ பகுதியில், திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற மார்கோ என்னும் ஊரில், லபெகோர்ஸ் மாளிகையையும் அதன் திராட்சைத் தோட்டத்தையும் 1989ஆம் ஆண்டில் வாங்கியிருந்தார். குதிரைப் போலோ ஆட்டத்தில் ஈடுபாடு. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையில் கூர்ஷ்வெல் என்னுமிடத்தில் மலைநடை சென்றபோது விழுந்து உயிரிழந்தார். வயது 62. கம்பெனி குடும்பத்தார் கையிலேயே தொடர்ந்தது. பல நாடுகளின் முதிர்ந்த வயல்களை வாங்கி மேலும் வளர்ந்தது.

எல்லாருக்கும் கைகூடிய வித்தையன்று

வடகடலில் இரண்டு வயல்களின் கதையை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் சூது விளங்கும்.

ஃபார்ட்டீஸ் என்னும் வயலை 1970ஆம் ஆண்டில் பிபி கம்பெனி கண்டுபிடித்தது. உச்சக் காலத்தில் நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பீப்பாய் தந்த பெருவயல் அது. உற்பத்தி அதில் பத்தில் ஒரு பங்கிலும் கீழே இறங்கிய நிலையில், 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அப்பாச்சி கம்பெனி அதைச் சுமார் 63 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியவர்கள் பூமிக்குள் ஒலியலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வரும் விதத்தைப் பதிவு செய்தார்கள். அதை முந்தைய ஆண்டுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பாறையில் நீர் புகுந்த இடம் எதிரொலியில் மாறித் தெரியும். மாறாத இடத்தில் எண்ணெய் இன்னும் தங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்படித் தங்கிய திட்டுகளைக் குறிபார்த்துப் புதுக் கிணறுகள் இறக்கினார்கள். வயலின் ஆயுள் பல ஆண்டுகள் நீண்டது.

மற்றொன்று ஆர்கைல். பிரிட்டனின் வடகடல் எண்ணெய் 1975ஆம் ஆண்டில் முதன்முதலாக வந்தது இந்த வயலிலிருந்துதான். 1992ஆம் ஆண்டில் மூடினார்கள். 2003ஆம் ஆண்டில் ஒரு சிறிய கம்பெனி அதற்கு ஆர்ட்மோர் என்று புதுப்பெயர் சூட்டித் திறந்தது; இரண்டே ஆண்டுகளில் கம்பெனி நொடித்தது, வயலும் நின்றது. 2015ஆம் ஆண்டில் வேறொரு கம்பெனி ஆல்மா என்னும் மூன்றாவது பெயரில் அதைத் திறந்தது; 2020ஆம் ஆண்டில் அதுவும் மூடப்பட்டது. பெயரை மாற்றினாலும் பாறை மாறவில்லை. எதிர்பார்த்த எண்ணெய் வராதபோதோ, விலை சரியும்போதோ, கடன் வாங்கி நடத்தும் சிறிய கம்பெனிக்குத் தாங்கும் சக்தி இருப்பதில்லை. வெற்றி பெற்றவரின் வரலாறு நூலாகிறது. ஆர்கைலில் காசு போட்டவர்களின் வரலாற்றை யார் எழுதுவார்கள்?

பழைய இரும்பு யார் பொறுப்பு?

சிக்கனம் என்னும் சொல்லை மேலே பலமுறை சொன்னோம். கிழட்டு வயலில் அச்சொல்லுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மேடைக்கு ஐம்பது வயது ஆகும்போது, எந்தச் செலவு வீண் செலவு, எந்தச் செலவு உயிர் காக்கும் செலவு என்று பிரிக்கும் கோடு மிக மெல்லியதாகிவிடுகிறது. பழைய கிணற்றைத் திறந்து பழுது பார்ப்பது, கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் அழுத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முழுதும் தெரியாத இடத்தில் கை வைக்கும் வேலை அது. 2024ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், காபோன் கடலில் பெரென்கோ நடத்திய பெக்குனா மேடையில் ஒரு கிணற்றில் இத்தகைய பணி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. ஆறு பேர் மாண்டனர்.

கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்தில், கொங்கோ ஜனநாயகக் குடியரசின் முவாண்டா பகுதியிலும் பெரென்கோ 2000ஆம் ஆண்டு முதல் பழைய வயல்களை நடத்தி வந்தது. நிலமும் நீரும் காற்றும் கெடுகின்றன என்று அங்குள்ள மக்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தனர். 2022ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த இரு தொண்டமைப்புகள் இதன்பேரில் பிரெஞ்சு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. எண்ணெய் எங்கோ, எடுத்தவர் எங்கோ, வழக்கு மன்றம் எங்கோ!

இன்னும் ஒரு செலவு பாக்கியிருக்கிறது. என்றேனும் ஒருநாள் வயலை உண்மையாகவே மூடியாக வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் பல இடங்களில் சிமெண்டு அடைப்பு இட வேண்டும். இல்லையேல் எண்ணெயும் வாயுவும் மெல்லக் கசிந்து மேலே வரும். குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். மேடையை வெட்டிக் கரைக்கு இழுத்து வர வேண்டும். இதில் ஒரு காசு வருமானமும் கிடையாது. வயல் கைமாறும்போதெல்லாம் இந்தப் பொறுப்பும் கைமாறுகிறது. பெரிய கம்பெனி தன் வயலை மலிவாகவேனும் விற்றுவிட விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வயலை வாங்குகிறவர் எண்ணெயை மட்டுமன்றி, இறுதிச் சடங்கின் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, இன்றைய சொந்தக்காரர் நொடித்துப்போனால், வயலை முன்பு வைத்திருந்தவர்களையும் அழைத்துச் செலவைக் கட்டச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு. விற்றுவிட்டோம், இனி நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. எல்லா எண்ணெய் நாடுகளுக்கும் இப்படிப்பட்ட சட்டமும், அதைச் செலுத்தும் வலிமையும் இருக்கின்றனவா? மூடும் செலவுக்கென ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி வைக்கச் சொல்லும் ஒப்பந்தம் இல்லாத இடத்தில், கடைசி பீப்பாய்க்குப் பின் எஞ்சும் இரும்பு யாருடையது?

புவாந்த் நுவாருக்கு அப்பால், எமரோதின் முதல் மேடைகள் கடலில் கால் ஊன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கண்டுபிடித்த கம்பெனி இன்று தனிக் கம்பெனியாக இல்லை. வயலுக்கு மறுவாழ்வு தந்தவரும் இல்லை. பாறையில் இருந்த எண்ணெயில் மிகப் பெரும்பகுதி இன்னும் அங்கேயே இருக்கிறது.